தேனக்காவின் தொண்டை

எங்கள் புகார் அறையில் அவளுக்குத் தேனக்கா என்று பெயர். அவள் குரலுக்காக வைத்தது மேற்பார்வையாளர். வெந்நீர் ஹீட்டர் விற்கும் கம்பெனிக்கு வரும் புகார் அழைப்புகளுக்குப் பதில் சொல்வது எங்கள் வேலை. எங்களை நலம் விசாரிக்க யாரும் கூப்பிடுவதில்லை. வாங்கிய பொருள் கெட்டு, வருகிறேன் என்ற மெக்கானிக் வராமல், பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, வாயில் நெருப்போடு கூப்பிடுவார்கள். எங்கள் பிறப்பு, வளர்ப்பு, குடும்பம் எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். அதிலும் மோசமான அழைப்பு எதுவோ அதை அக்காவின் பக்கம் தள்ளிவிடுவார் மேற்பார்வையாளர். அவளும் வாங்கிக்கொள்வாள். “புரியுதுங்க சார். உங்க சிரமத்துக்கு ரொம்ப வருந்துறோம்” என்று அவள் ஆரம்பித்தால், கத்தியவன் கடைசியில் “உங்க மேல கோபம் இல்லம்மா” என்று சொல்லி வைத்துவிடுவான்.

நான் அவளுக்குப் பக்கத்து இருக்கை. நடுவில் ஒரு அட்டைத் தடுப்பு மட்டும். அவள் பேசும்போது தடுப்புக்கு மேலே தெரியும் கண் சிரித்துக்கொண்டிருக்கும். தடுப்புக்குக் கீழே தெரியும் கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கி, செருப்பின் தோலைப் பிறாண்டிக்கொண்டிருக்கும். அவளிடம் அதைச் சொன்னபோது, “அப்படியா? எனக்குத் தெரியவே இல்லையே” என்றாள்.

வீட்டிலும் அவளுக்கு அதே குரல்தான். கணவர் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனிதர், கொஞ்சம் வாய் ஜாஸ்தி. “எங்க வீட்ல சத்தம்ங்கிறதே கிடையாது” என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கல்லூரியில் படிக்கும் மகள்தான் ஒருநாள் போட்டு உடைத்தாள். ஏதோ ஒரு பயணத்துக்கு அனுமதி கேட்டு அவள் அழுதிருக்கிறாள். அக்கா, “புரியுதும்மா, உன் வருத்தம் புரியுது” என்றிருக்கிறாள். “அம்மா, நான் ஒண்ணும் ஹீட்டர் வாங்கல. கம்பெனிக் குரல்ல பேசாத!” என்று கதவைச் சாத்திக்கொண்டாள் அந்தப் பெண். இதை அக்கா எங்களிடம் நகைச்சுவையாகத்தான் சொன்னாள். நாங்களும் சிரித்தோம்.

இனி நடந்ததற்கு வருகிறேன்.

கம்பெனி ஒரு புது ஹீட்டரை விற்பனைக்கு விட்டது. மெலிந்த உருவம், வெள்ளை நிறம், பார்க்க அழகு. விற்க ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே ஒரே மாதிரி புகார் வர ஆரம்பித்தது. “குழாயைத் தொட்டா சுரீர்னு இருக்குங்க.” “ஷவருக்கு அடியில நின்னா உடம்பு கூசுது.” மின்சாரம் எங்கேயோ கசிகிறது என்று புரிந்துகொள்ள என்ன பெரிய படிப்பு வேண்டும்? அக்கா முதல் அழைப்பிலேயே, “முதல்ல ஸ்விட்சை ஆஃப் பண்ணிடுங்க, மெக்கானிக் வர்ற வரைக்கும் அதைத் தொடவே வேண்டாம்” என்று சொல்லிவிட்டாள்.

அன்று மாலையே அவளை மேற்பார்வையாளரின் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். மேற்பார்வையாளர் எங்கள் பேச்சைப் பதிவிலிருந்து கேட்டு மார்க் போடுகிறவர். அதனால் அவருக்கு மார்க் சார் என்று நாங்கள் வைத்த பெயர் உண்டு. அவர் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினார்.

“எழுதிக் கொடுத்த வசனத்துல இது இருக்கா?”

“இல்ல சார். ஆனா ஷாக் அடிக்குதுன்னு...”

“நம்ம பொருளை நாமளே ஆபத்துன்னு சொன்னா நாளைக்குக் கேஸ் போட்டான்னா யார் பதில் சொல்றது? வருந்துறோம், பொறியாளர் விரைவில் தொடர்புகொள்வார். அவ்வளவுதான் உங்க வேலை. உங்களை மாதிரி சீனியரே இப்படிப் பண்ணலாமா?”

அக்கா தலையாட்டிவிட்டு வந்தாள். அதன்பிறகு வசனத்தைத் தாண்டி ஒரு சொல் பேசவில்லை. பொறியாளர் விரைவில் தொடர்புகொள்வார். அந்த ‘விரைவில்’ வாரக்கணக்கில் நீளும் என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

ஒருநாள் ஒரு ஆள் கூப்பிட்டார்; அவர் பேசியதை அக்கா எனக்குப் பிறகு சொன்னாள். கத்தவில்லை, திட்டவில்லை. “நேத்து இதே நம்பர்ல உங்ககிட்டதான் பேசினேன், குரல் ஞாபகம் இருக்கு” என்று ஆரம்பித்தார். அவருடைய அம்மா காலையில் குளிக்கப் போய், குழாயைப் பிடித்த கை அப்படியே ஒட்டிக்கொண்டு, வெந்து, கீழே விழுந்து இடுப்பு எலும்பும் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். “நேத்து நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம். ஆஃப் பண்ணி வைங்கன்னு. அவ்வளவு இனிமையா பேசினீங்களே” என்றார்.

அக்கா வாயைத் திறந்தாள். எதுவும் வரவில்லை. நான் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தேன். உதடு அசைகிறது, காற்றுதான் வருகிறது. அந்த ஆள் கொஞ்சம் காத்திருந்துவிட்டு வைத்துவிட்டார். அன்றோடு அவள் குரல் போய்விட்டது.

கம்பெனி என்ன செய்தது என்கிறீர்களா? ஹீட்டரைத் திரும்ப வாங்கியதா? அந்த அம்மாவை ஒரு எட்டு போய்ப் பார்த்ததா? எங்களுக்கு மன அமைதி வகுப்பு வைத்தது.

எங்கிருந்தோ ஒருத்தரைக் கூட்டிவந்தார்கள். வெள்ளைச் சட்டை, மழுங்க மழித்த முகம், கையில் பித்தளைக் கிண்ணம். கிண்ணத்தை ஒரு குச்சியால் தட்டுவார். ‘ங்ங்’ என்று ஒலி எழும். நாங்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். “கோபம் ஒரு மேகம். அது உங்களுடையதல்ல. கடந்து போக விடுங்கள். உதட்டில் ஒரு புன்னகை வையுங்கள்.” அந்த நேரத்துக்கு ஈடாக எங்கள் சாப்பாட்டு இடைவேளையில் கை வைத்தார்கள். வெந்தது யாரோ ஒருத்தியின் கை. குளிரவேண்டியது எங்கள் மனசாம். வகுப்பு முடிந்து இருக்கைக்கு வந்தால் அதே ஹீட்டர், அதே சுரீர், அதே ‘விரைவில்’. எங்களுக்கு மூச்சு விடத் தெரியாததுதான் கம்பெனியின் குறை என்பதுபோல நடந்துகொண்டார்கள். மூச்சையும் மனசையும் கவனிப்பதற்கு மைண்ட்ஃபுல்னெஸ் என்று ஒரு பெயர் இருப்பதை நான் முதலில் கேட்டது அந்த ஆள் வாயிலிருந்துதான். அன்றைக்கே அதை வெறுத்துவிட்டேன்.

அக்கா விடுப்பில் போனாள். தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். தொண்டை சுத்தமாக இருக்கிறது, நரம்பு நன்றாக அசைகிறது, குறை ஒன்றும் இல்லை என்றார். பொது ஆஸ்பத்திரியில் உளச்சிகிச்சை தருகிற ஆலோசகர் ஒருவரிடம் போகச் சொன்னார். கணவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும், “தொண்டையில சளி கட்டிக்கிச்சு” என்றே சொல்லிவந்தார்.

ஆலோசகரின் அறை எக்ஸ்ரே பிரிவுக்குப் பக்கத்தில் இருந்தது. முன்பு அது பழைய சாமான் போட்டுவைக்கிற அறையாம். மின்விசிறி கடகடவென்று சத்தம் போடும். வெளியே நடைபாதையில் பெஞ்சு. பெஞ்சில் இடம் கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நிற்கிறவர்கள். துணைக்கு நான்தான் போவேன், அதனால் அந்த நடைபாதையை நன்றாகத் தெரியும். உள்ளே நடந்ததை அக்கா பிறகு சொல்லி அறிந்தேன்.

முதல் நாள் ஆலோசகர், கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் மூச்சைக் கவனிக்கலாமா என்று கேட்டிருக்கிறார். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்திருக்கிறது. கிசுகிசுப்பாகவே கேட்டாளாம்:

“இங்கயும் மூச்சுதானா? உங்ககிட்டயும் கிண்ணம் இருக்கா?”

ஆலோசகருக்குப் புரியவில்லை. அக்கா சைகையும் கிசுகிசுப்புமாகக் கிண்ணக்காரரைப் பற்றிச் சொல்லி முடித்தாள். அவர் சிரிக்கவில்லை.

“சரி, கண்ணை மூட வேண்டாம். இன்னிக்கு மூச்சும் வேண்டாம். கோபத்தை அனுப்பிவைக்கச் சொல்லி நான் கேட்கமாட்டேன். அது உங்க உடம்புல எங்க இருக்கு, எப்படி இருக்குன்னு ரெண்டு பேருமா பார்க்கலாம். அதுக்குத்தான் இந்த அறை.”

“கோபமா? எனக்குக் கோபமே வராதுங்க.”

“இப்பச் சொல்லும்போது சிரிச்சீங்க. தெரிஞ்சுதா?”

அக்காவுக்குத் தெரிந்திருக்கவில்லை. தொட்டுப் பார்த்தாளாம், உதட்டை. கன்னம் இழுத்துப் பிடித்த துணிபோல விறைப்பாக இருந்தது. எத்தனை வருடமாக இப்படியே வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. சத்தமில்லாத அழுகை.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். இரண்டாவது வாரம், வீட்டில் முயன்று பாருங்கள் என்று ஆலோசகர் சொன்னதால், தனியாக உட்கார்ந்து மூச்சைக் கவனிக்க முயன்றிருக்கிறாள். வெந்த கை ஒன்று கண்முன் வந்து நின்றது, எழுந்து ஓடினாள். “இனிமே அங்க வரமாட்டேன்” என்று என்னிடம் தீர்த்துச் சொல்லிவிட்டாள். நடுவில் சில வாரங்கள் போகவும் இல்லை. மகள்தான் மல்லுக்கட்டிக் கூட்டிப்போனாள். நடந்ததைக் கேட்ட ஆலோசகர், தப்பு தன்னுடையது, உங்களைத் தனியாக அதுக்குள்ளே இறக்கிவிட்டிருக்கக் கூடாது என்றாராம். அதன்பிறகு கண்ணைத் திறந்தபடியே செய்தார்கள். பாதம் தரையில் படுவதைக் கவனிப்பது. மின்விசிறியின் கடகடப்பைக் கேட்பது. பயம் வந்தால் அதைக் கொஞ்சம் தொட்டுவிட்டு, உடனே பாதத்துக்குத் திரும்பி வருவது. குளத்தில் இறங்குகிறவன் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டே மறு காலை நனைப்பதுபோல.

அப்படித்தான் மெல்ல மெல்ல அவளுக்குத் தன் உடம்பு பிடிபட்டது. ‘வருந்துறோம்’ என்று சொல்வதற்கு முன்னால் தொண்டை இறுகுகிறது. தோள் காதுவரை ஏறுகிறது. வயிற்றில் ஏதோ சூடாகக் கிளம்புகிறது. மேலே வந்து தொண்டையில் நின்றுவிடுகிறது. “அந்தச் சூடு என்ன சொல்ல வருதுன்னு கேட்டுப் பாருங்க” என்றார் ஆலோசகர். அக்கா சொன்னாள்:

“ஆஃப் பண்ணுங்கன்னு சொல்ல வருது.”

அதைச் சொன்னபோது கிசுகிசுப்பு இல்லை. கரகரவென்று, ஆனால் குரலாகவே வந்தது.

அடுத்த வாரங்களில் குற்ற உணர்ச்சி வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த அம்மாவின் கையை நான்தான் வேகவைத்தேன் என்பாள். ஆலோசகர் இல்லை என்று மறுக்கவுமில்லை, ஆமாம் என்று சொல்லவுமில்லை. “உங்க பங்கு எவ்வளவோ அதை நேராப் பார்ப்போம். அது வலிக்கும். ஆனா கம்பெனியோட பங்கையும் சேர்த்து நீங்களே சுமந்தா, அவங்க கை வீசிட்டுப் போயிடுவாங்க” என்றார். இதை அக்கா என்னிடம் சொன்னபோது பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தோம். “ஏண்டி, நான் இவ்வளவு நாளா அவங்க மூட்டையைத் தூக்கிக்கிட்டு நடந்திருக்கேன்” என்றாள். குரல் உயர்ந்துவிட்டது. முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். அக்கா மன்னிப்புக் கேட்கவில்லை.

வீட்டில் ஒருநாள் சாப்பிடும்போது கணவர், “என்ன, இப்பல்லாம் மறுபடி அமைதியாயிட்ட. நல்லாயிட்ட போல” என்று சொல்லியிருக்கிறார்.

“அமைதியா இல்லைங்க. கோபமா இருக்கேன்.”

“யார் மேல?”

“கம்பெனி மேல. உங்க மேலயும் கொஞ்சம். எனக்குச் சளின்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வர்றீங்களே, என்னைப் பார்த்தா உங்களுக்கு அசிங்கமா இருக்கா?”

மனிதர் கையில் எடுத்ததைத் தட்டிலேயே போட்டுவிட்டாராம். பிறகு, “பயமா இருந்துச்சு” என்றார். “லிஃப்ட் நின்னா எங்க கை வைக்கணும்னு தெரியும். உனக்கு எங்கன்னு தெரியல.” மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அப்பாடா, இப்பத்தான் வீட்ல ஆளுங்க இருக்கற மாதிரி இருக்கு” என்றாள். மறுநாள் அக்கம்பக்கத்தில் கேட்டவரிடம், “மனசுக்குச் சிகிச்சை எடுக்கறா, தேறிட்டு வர்றா” என்று கணவர் சொல்லியிருக்கிறார். கேட்டவர் தன் தம்பிக்கும் அந்த அறை எங்கே என்று விசாரித்தாராம்.

அக்கா வேலைக்குத் திரும்பினாள். தேன் போய்விட்டது, உப்புத்தாளில் தேய்த்ததுபோல ஒரு குரல். வந்த முதல் வாரத்திலேயே அந்த அழைப்பு வந்தது. கூப்பிட்டது ஒரு இளம் தாய் என்று அக்கா பிறகு சொன்னாள். குழந்தையைக் குளிப்பாட்டும்போது தண்ணீர் சுரீர் என்கிறதாம்.

அக்கா உடனே பேசவில்லை. பதில் தாமதமானால் எங்கள் திரை சிவப்பில் மினுங்கும். மினுங்கியது. நான் தடுப்புக்குக் கீழே பார்த்தேன். செருப்பைக் கழற்றி, இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி வைத்திருந்தாள். விரல்கள் மடங்கவில்லை.

“அம்மா, குழந்தையை வெளிய கொண்டு போங்க. கை ஈரத்தைத் துடைச்சுட்டு மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணுங்க. பண்ணிட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கேன்.”

சுவர்த் திரையில், காத்திருக்கும் அழைப்புகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. மார்க் சார் வந்து அவள் பின்னால் நின்றார். அக்கா திரும்பவில்லை. அந்தப் பெண் திரும்பி வந்து ஆஃப் செய்துவிட்டேன் என்று சொன்னபிறகுதான் வைத்தாள்.

“தேனக்கா, என்ன இது?” என்றார் மார்க் சார்.

“ஷாக் அடிக்குதுன்னாங்க. ஆஃப் பண்ணச் சொன்னேன் சார்.”

“நீங்க இன்னும் முழுசா குணமாகல போல. இன்னிக்கு வகுப்பு இருக்கு, போய் உட்காருங்க. மனசு அமைதியாகட்டும்.”

வகுப்புக்கு நாங்கள் எல்லோரும் போனோம். பணியாளர் பிரிவு அதிகாரி அம்மாளும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கிண்ணம் ஒலித்தது. கிண்ணக்காரர் ஒவ்வொருவராக, “இப்போது என்ன உணர்கிறீர்கள்?” என்று கேட்டுக்கொண்டு வந்தார். அமைதி, அமைதி, லேசாக இருக்கிறது என்று எல்லோரும் ஒப்பித்தார்கள். அக்காவின் முறை வந்தது.

“தாடை இறுகியிருக்கு. நெஞ்சு சூடா இருக்கு. கை கொஞ்சம் நடுங்குது. இது கோபம்” என்றாள்.

“நல்லது. அதை ஒரு மேகம்போல...”

“இல்ல சார். நான் இதை வாரக்கணக்கா உட்கார்ந்து பார்த்திருக்கேன். இது மேகம் இல்ல. ஒரு அம்மாவோட கை வெந்துபோச்சு. அது தெரிஞ்சும் அதே ஹீட்டரை இன்னிக்கும் விக்கறாங்க. ஆஃப் பண்ணுங்கன்னு சொல்லக்கூடாதுன்னு எங்க வாயைக் கட்டிவச்சிருக்காங்க. இதுக்குக் கோபம் வராட்டிதான் சார் எனக்குச் சிகிச்சை வேணும்.”

கத்தவில்லை. அதுதான் எங்களை உலுக்கியது. கத்தியிருந்தால் மனநிலை சரியில்லை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். கிண்ணக்காரர் அதிகாரி அம்மாளைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். அக்கா தொடர்ந்தாள்.

“உடம்பைக் கவனிக்கறது நல்லதுதான், என்னைக் காப்பாத்தினதே அதுதான். ஆனா என்னையே நான் பார்க்கக் கத்துக்கொடுக்கறதுக்கும், எதையும் பார்க்காதன்னு கண்ணைப் பொத்தறதுக்கும் வித்தியாசம் இருக்கு. நீங்க செய்யறது ரெண்டாவது.”

மறுநாள் அதே ஷாக் புகார் எனக்கு வந்தது. நானும் ஆஃப் பண்ணச் சொன்னேன். எதிர் வரிசையில் இருந்தவளும் சொன்னாள். மாலைக்குள் அறை முழுக்க அதே பேச்சு. மார்க் சார் எல்லோருக்கும் மார்க்கைக் குறைத்தார். குறைத்து என்ன செய்வார், ஒட்டுமொத்த அறையையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவரே உட்கார்ந்து பேசுவாரா? சில வாரங்களில் வசனத்தில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது: ‘பாதுகாப்பு கருதித் தயவுசெய்து மின் இணைப்பைத் துண்டிக்கவும்.’ வாடிக்கையாளர் நலனில் நிர்வாகம் காட்டும் அக்கறை என்று அதற்கு ஒரு சுற்றறிக்கை வேறு! அந்த ஹீட்டரைச் சத்தமில்லாமல் கடைகளிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். மன்னிப்பு என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. மார்க் சாருக்குப் பதவி உயர்வு. அக்காவுக்கு அந்த வருடம் ஒன்றும் கிடையாது.

அக்கா, கை வெந்த அம்மாவின் மகனைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அம்மாவைப் பார்க்க வரலாமா என்று அனுமதி கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். ஆலோசகரோடு பேசி, என்ன வசவு வந்தாலும் நின்று கேட்கத் தயாராகிக்கொண்டுதான் போனாள். மகன் கதவைத் திறந்துவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டார். அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். வலது கை விரல்கள் சேர்ந்து இறுகிப்போயிருந்தன.

“நான்தான் அன்னிக்கு உங்க மகன்கிட்டப் பேசினது. சொல்லியிருக்கணும். சொல்லல” என்றாள் அக்கா.

அந்த அம்மா, “உங்க கம்பெனியிலேர்ந்து இந்த வீட்டுப் படி ஏறினது நீ ஒருத்திதான்” என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. “டீ போட்டுத் தர எனக்குக் கை இல்ல. நீயே போட்டுக்க. எனக்கும் ஒரு தம்ளர் கொடு” என்றார். அக்கா போட்டுக் கொடுத்தாள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அந்தக் குடியிருப்பு முழுக்கக் கேட்டிருக்கும் என்று அவளே சொன்னாள்.

இப்போதும் அவள் ஆலோசகரிடம் போகிறாள். ஆனால் கூட்டம் பெருகிவிட்டதால் முறை வர மாதக்கணக்கில் ஆகிறது. அத்தனை பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆலோசகர் அவர் ஒருத்தர்தான்; பெஞ்சில் இடமில்லாதவர்கள் இன்னும் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். கிண்ணக்காரருக்கோ நகரத்தின் பெரிய கம்பெனிகளில் எல்லாம் அழைப்பு. போன வாரம் அக்கா ஆஸ்பத்திரி நிர்வாக அலுவலகத்துக்குப் போய், இன்னொரு ஆலோசகரை எப்போது போடுவீர்கள் என்று கேட்டிருக்கிறாள்.

“என்ன சொன்னாங்க?” என்றேன்.

“பார்க்கலாம்னாங்க. எப்பப் பார்ப்பீங்கன்னு கேட்டேன். அடுத்த வாரம் வாங்கன்னாங்க.”

“சும்மா சொல்லியிருப்பாங்க அக்கா.”

“சும்மாதான் சொன்னாங்க. அது எனக்கும் தெரியும். நான் சும்மா கேட்கலையே” என்றாள்.

அடுத்த வாரம் போகிறோம். அந்த நடைபாதையில் நிற்கிறவர்களில் வர முடிந்தவர்களையும் கூட்டிக்கொண்டு.